கடல்பாசி ஐஸ்: தண்டையார்பேட்டை அடுப்படிக் குறிப்புகள்

ஏப்ரல் 19

பிள்ளைகளுக்குக் கடல்பாசிக் கூழ் சேர்த்து வீட்டிலேயே ஐஸ் செய்வதற்கான குறிப்புகள் இவை. முதலில் பாசி எது என்று பார்த்து வாங்க வேண்டும். நோன்பு நாட்களில் மண்ணடி, ராயபுரம் கடைகளில் கடல்பாசி கேட்டால் வெள்ளை இழைக் கட்டு தருவார்கள். அது பாசியிலிருந்து பிரித்தெடுத்த அகர், அதாவது சைனா கிராஸ். ‘சீ மாஸ்’ என்று விற்பது காயவைத்த முழுப் பாசி, நமக்கு வேண்டியது இதுதான். அசல் ஐரிஷ் மாஸ் வட அட்லாண்டிக் பாறைகளில் வளர்வது. அதற்கு விலை கொடுக்க அவசியமில்லை. மண்டபம் பக்கத்துக் கஞ்சிப்பாசியோ, அங்கே மிதவை கட்டி வளர்க்கும் கப்பாபைகஸோ போதும். பின்னதற்கு மீனவர் வைத்த பெயர் ‘பெப்சி பாசி’. பால் ஐஸுக்கு அதுதான் சரி. அதிலுள்ள கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் பால் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். பழ ஐஸுக்கு எதுவானாலும் ஆகும்.

காசிமேடு, எண்ணூர் கற்களில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறித்து வரவே கூடாது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய், அனல்மின் நிலையச் சாம்பல் எல்லாம் பார்த்த கரை அது. பாசி தண்ணீரிலுள்ள உலோகங்களைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும். எத்தனை முறை அலசினாலும் போகாது.

ஏப்ரல் 20

கூழ் காய்ச்சும் நாள். காய்ந்த பாசி 20 கிராம். மணலும் உப்பும் போகத் தேய்த்து அலசி, குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, இடையில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். கவிச்சி வாடை போவது இந்தத் தண்ணீர் மாற்றத்தில்தான். ஏலக்காயை அள்ளிப் போட்டு மறைக்கப் பார்த்தால் நடக்காது. பிறகு 400 மி.லி. புதுத் தண்ணீரில் சிறுதீயில் 20 நிமிடம். கஞ்சிப்பாசி என்றால் நன்றாகக் கொதிக்க வேண்டும். அதிலுள்ள அகர் கரைய 85 டிகிரிக்கு மேல் சூடு தேவை. மிக்சியில் அரைத்து, சூடாக இருக்கும்போதே வெள்ளைத் துணியில் வடிகட்டணும். ஆறவிட்டால் துணியிலேயே உறைந்துவிடும்.

ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை. மீதியை ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 22

கேழ்வரகுப் பால் ஐஸ். அரை லிட்டர் பால், கேழ்வரகு மாவு 2 மேசைக்கரண்டி, கொட்டை நீக்கிய பேரீச்சை 8, நாட்டுச் சர்க்கரை 40 கிராம், பாசிக் கூழ் 3 மேசைக்கரண்டி.

மாவை 100 மி.லி. தண்ணீரில் கரைத்துப் பாலில் ஊற்றி, பச்சை வாடை போக எட்டு நிமிடம் கிளற வேண்டும். பாசிக் கூழைக் கொதிநிலையிலேயே சேர்க்கணும். ஆறிய பாலில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். நாட்டுச் சர்க்கரை இதற்கு நேர்மாறு: கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, அரைத்த பேரீச்சையோடு சேர்த்துக் கலக்கலாம்.

இனிப்பே வேண்டாம் என்று சர்க்கரையை அறவே விட்டால் ஐஸ் கல்லாகிவிடும். உறைநிலையைத் தாழ்த்துவது சர்க்கரைதான். கூழை அதிகமாக்கினால் ரப்பராக இழுக்கும். பாசியின் வேலை பனிப்பரல் பெரிதாகாமல் பார்ப்பதும், ஐஸ் முழங்கை வரை ஒழுகாமல் பிடிப்பதும். சத்து பாலிலும் கேழ்வரகிலும் இருக்கிறது. மூன்று கரண்டிக் கூழில் என்ன பெரிய சத்து வந்துவிடப் போகிறது?

ஏப்ரல் 25

அச்சு. பிளாஸ்டிக்கைவிடச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் பரலும் பொடியாக இருக்கும். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்தி ஊற்ற வேண்டும், உறையும்போது பொங்கும். கலவையை முதலில் ஃபிரிட்ஜில் குளிரவைத்த பிறகே ஃபிரீசருக்கு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் பனி அறை மைனஸ் 18 வரை போகாது. அதில் இரவு முழுக்க விடணும். பாதி இறுகியபோது குச்சியைச் செருகினால் நேராக நிற்கும். எடுக்கும்போது குழாய்த் தண்ணீரில் பத்து விநாடி.

மே 3

பழ ஐஸ். மாம்பழமோ நெல்லிச் சாறோ, புளிப்பைப் பாசியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். கூழைத் தனியாகச் சூடாக்கி இறக்கி, வெதுவெதுப்பான சாற்றில் ஊற்றலாம். அன்னாசி ஜெலட்டினைக் கரைத்துவிடும், பாசியை ஒன்றும் செய்யாது. ஆனால் வேகவைக்காத அன்னாசியைப் பாலோடு சேர்த்தால் கசக்கும். நுங்கு போடுவதானால் பொடியாக நறுக்கியே போடணும், துண்டு பெரிதானால் உறைந்து பல்லில் கடுக்கும்.

மே 6

அளவு. பாசியில் அயோடின் உண்டு, எவ்வளவு என்பது பாசிக்குப் பாசி மாறும். ஒன்று முதல் எட்டு வயது வரை ஒரு நாளைக்குத் தேவை 90 மைக்ரோகிராம். ஒன்று முதல் மூன்று வயது வரை 200ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு. வீட்டு உப்பிலும் அயோடின் இருக்கிறது. அதனால் வாரத்துக்கு இரண்டு ஐஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தைராய்டு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் தரக் கூடாது. ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம். இறுகிய கடல்பாசித் துண்டுகளை நான்கு வயதுக்குக் கீழ் தந்தால் தொண்டையில் சிக்கும். அரைத்தே கலக்க வேண்டும்.

கரண்ட் போய்ப் பால் ஐஸ் முழுக்கக் கரைந்து வெதுவெதுத்துவிட்டால் மறுபடி உறையவைக்காமல் கொட்டிவிடுங்கள்.