ஊர்வலம் எத்தனை, வேலி எத்தனை: ஒரு மதிப்பீட்டு அனுபவம்

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட சில ஊராட்சிகளைச் சேர்ந்தவர்கள் நடத்தும் எங்கள் விபத்துத் தடுப்புக் கூட்டமைப்பு மூன்றாம் ஆண்டை நிறைவு செய்தபோது, அதனால் ஏதேனும் பயன் விளைந்ததா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் என்ற ஒரே தகுதியால் என்னிடம் வந்து சேர்ந்தது. பால் சங்கச் செயலர், கிராம சுகாதாரச் செவிலியர், ஆட்டோ ஓட்டுநர்கள், தறி உரிமையாளர்கள் எனப் பலர் சொந்த வேலையை ஒதுக்கிவிட்டு உழைத்த அமைப்பு அது. ஆகவே நான் பாராட்டுரை ஒன்றை எழுதித் தருவேன் என்றே பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

முதலில் கையில் கிடைத்த கோப்பில் கூட்டங்கள், ஊர்வலங்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றின் எண்ணிக்கை ஒழுங்காக இருந்தது. நாங்கள் எவ்வளவு ஓடினோம் என்பதை அது சொல்லிற்று. எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. எனவே அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் காயத் தடுப்புக்கு வகுத்த ஒன்பது கட்ட அட்டவணையை ஒரு சார்ட்டில் வரைந்தேன். மேலிருந்து கீழாக விபத்துக்கு முன், விபத்தின் போது, விபத்துக்குப் பின். இடமிருந்து வலமாக மனிதர், வாகனம் அல்லது கருவி, சுற்றுப்புறம். செய்த வேலைகளை அதில் நிரப்பியபோது, ஏறக்குறைய எல்லாமே ‘விபத்துக்கு முன் – மனிதர்’ என்ற ஒரே கட்டத்தில் குவிந்தன. மூன்றாண்டுகளாக மனிதர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம், சாலையையும் கிணற்றையும் இயந்திரத்தையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு.

கடைசி வரிசை கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. உதவி செய்பவரை வழக்குத் தொல்லையிலிருந்து காக்கும் 134ஏ என்ற பிரிவும் 2019 திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் எங்கள் ஆட்டோ நிறுத்தத்தில் கேட்டபோது, அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு போனால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்கும் என்ற பழைய அச்சமே பதிலாக வந்தது.

அடுத்து விபத்துகளை எண்ணும் வேலை. சிக்கல் முழுவதும் இங்குதான் இருந்தது. முதல் தகவல் அறிக்கை பதிவான சாலை விபத்துகள் காவல் நிலையத்தில் ஓரிடத்தில் இருக்கின்றன. கிணற்றிலோ வாய்க்காலிலோ விழுந்து இறந்தவர்களைத் தேட வேண்டுமானால் சந்தேக மரணப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். அவற்றைப் பதிவு செய்யும் சட்டப் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 ஆக இருந்தது, அதற்கு மாற்றாக வந்த புதிய சட்டத்தில் 2024 ஜூலை முதல் 194 ஆகிவிட்டதால், ஒரே வகை மரணத்தை இரண்டு எண்களில் தேட வேண்டியிருந்தது. சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தில் விரலை இழந்தவரோ நேராகத் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டு, எந்த ஏட்டிலும் ஏறாமல் வீடு திரும்பியிருக்கிறார். அவரைப் பற்றிச் செவிலியருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

எங்கள் ஆண்டறிக்கை ஒன்றில் ‘நீரில் மூழ்கும் விபத்துகள் குறைந்தன’ என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். பார்த்தால், கோடை மாதங்களை அதற்கு முந்தைய ஆகஸ்டுக்குப் பிந்தைய மாதங்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில்தான் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். தண்ணீரே ஓடாத வாய்க்காலில் யாரும் மூழ்கவில்லை என்பது எங்கள் சாதனை ஆகாது. ஒரே மாதங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்போதும் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும் தற்செயலாகவே இருக்கலாம் என்பதால், இறப்பை மட்டும் அளவுகோலாக வைப்பதைக் கைவிட்டேன்.

அதற்குப் பதிலாகக் கண்ணால் காணக்கூடியவற்றை எண்ணத் தொடங்கினோம். நெடுஞ்சாலையில் காவலர் நிற்கும் இடத்தில் ஹெல்மெட் எண்ணினால் 1,000 ரூபாய் அபராதத்துக்கான பயத்தைத்தான் எண்ணுகிறோம். ஆகவே சந்தைக்குப் போகும் ஊர்ச்சாலையில், புளியமரத்தடியில் உட்கார்ந்து எண்ணினோம். ஹெல்மெட் தலையில் இருப்பது ஒரு கணக்கு, தாடைப் பட்டை மாட்டியிருப்பது வேறொரு கணக்கு, தலைக்கு வராமல் பெட்ரோல் டேங்கின் மேல் அது பயணம் செய்வது மூன்றாவது கணக்கு. இந்த மூன்றாவது வகையை எங்கள் ஊரின் தனிக் கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம்.

கிணறுகளைப் பார்க்கப் போனபோது, கூட்டமைப்பின் முயற்சியால் வேலி போட்டதாகப் பட்டியலில் இருந்த ஒரு தோட்டத்தில், கட்டுத்தரையில் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்த பாட்டி சொன்னார்: “வேலி போட்டது நெசந்தானுங்க. மோட்டார் ரூம் பக்கம் மட்டும் தொறந்து கெடக்குதுங்களே, பேரப்பசங்க அந்தப் பக்கந்தான வெளையாடுறாங்க?” போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது. பட்டியலில் அது ‘முடிந்தது’ என்று குறிக்கப்பட்டிருந்தது.

அறிக்கையைக் கூட்டத்தில் படித்தபோது சிலருக்கு மனவருத்தம் ஏற்பட்டது. ஊர்வலங்களின் எண்ணிக்கையை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். உழைப்புக்கும் பதிவு வேண்டும் என்பதால் கடைசிப் பக்கத்தில் அதை வைத்தேன். முதல் பக்கத்தில் இப்போது ஒவ்வொரு திறந்தவெளிக் கிணற்றுக்கும் ஓர் எண் இருக்கிறது. நான்கு பக்கமும் தனித்தனியாகப் பார்த்து எழுத நான்கு கட்டங்களும், பார்த்தவர் கையெழுத்திட ஓர் இடமும் இருக்கின்றன. பாட்டியின் தோட்டத்துக் கிணற்றுக்கு மூன்று கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன.