அலாஸ்கா கப்பலில் ஏழு இரவுகள்: டிக்கெட்டுக்கு மேல் ஆன செலவு

போன வருஷம் ஜூன் கடைசியில் அம்மா, கணவர், நான் என மூன்று பேரும் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பலில் போய் வந்தோம். கிளம்புவதற்கு முன்னால் கேட்டவர்கள் எல்லாரும் பனியாறு பற்றியும் திமிங்கிலம் பற்றியும்தான் பேசினார்கள். காலையில் எழுந்தால் கப்பலுக்குள் என்ன செய்வது, துணி எங்கே காயப்போடுவது, டிக்கெட் வாங்கிய பிறகும் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் அதையே எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்தது ஜன்னல் இல்லாத உள் கேபின். எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 950 டாலர், ஒரே கேபினில் மூன்றாவது ஆள் என்பதால் அம்மாவுக்கு 600. அதற்கு மேல் வரி, துறைமுகக் கட்டணம் என்று ஆளுக்கு 270. மொத்தம் 3,310 டாலர். இதில் படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, இரவு நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் எல்லாம் அடக்கம்.

கப்பலில் ஏறுவதற்கு முன்பே வந்த செலவு அம்மாவின் கனடா விசா. அலாஸ்கா அமெரிக்காதானே, சியாட்டிலில் ஏறி சியாட்டிலில்தானே இறங்குகிறோம், கனடா எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டார். காரணம் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. வெளிநாட்டுக் கொடியில் ஓடும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றிச் சுற்றிவிட்டு வர முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. அதனால்தான் சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நின்று வருகின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக அம்மாவுக்கு விசாக் கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. அமெரிக்க விசாவும் பல முறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பி வருவது கனடாவிலிருந்து. ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டி வந்து இந்தக் கப்பலில் போக நினைப்பவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் நாள் கரை தெரிந்துகொண்டே இருந்தது. இரண்டாம் நாள் முழுக்கக் கடல். வான்கூவரில் ஏறினால் தீவுகளுக்கு நடுவே அலை குறைந்த வழியாகப் போகலாம், ஆனால் சியாட்டிலில் ஏறும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில்தான் போகும், அங்கே ஆட்டம் நன்றாகவே தெரியும். அம்மா காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. வரவேற்பு மேஜையில் கேட்டதும் தலைசுற்றல் மாத்திரையைக் காசு வாங்காமலேயே கொடுத்தார்கள், கூடவே பச்சை ஆப்பிள் சாப்பிடச் சொன்னார்கள். அதே மாத்திரைக்காக மருத்துவரைப் போய்ப் பார்த்திருந்தால் பில் நூறு டாலரைத் தாண்டியிருக்கும், அதனால் முதலில் வரவேற்பில் கேளுங்கள். கேபின் எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் குறைவு.

கேபின் சின்னது. ஆனால் சுவரெல்லாம் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி ஒட்டும். நான் பத்து கொக்கி வாங்கிப் போயிருந்தேன், பை, தொப்பி, மழைக்கோட்டு எல்லாம் சுவரில் தொங்கின. குளியலறையில் ஷவருக்கு மேலே ஒரு சின்ன வட்டப் பெட்டி இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் கொடிக்கயிறு நீண்டு வரும். அம்மா தினமும் இரவு சின்னத் துணிகளை அலசி அதில் போட்டுவிடுவார், காலையில் காய்ந்திருக்கும். பேன்ட், ஸ்வெட்டர் போன்றவற்றை ஒரே ஒரு முறை சலவைக்குப் போட்டோம், ஒரு பை நிறையத் துணிக்கு 30 டாலர். ஜூன் மாதம் அலாஸ்காவின் ஜூனோ நகரில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிறது, விடியற்காலை நான்குக்கு முன்பே உதித்துவிடுகிறது. ஜன்னல் இல்லாத கேபின் அந்த ஊருக்கு ஒரு வரம், நன்றாகத் தூங்கினோம். விடிந்ததா என்று பார்க்க டிவியில் ஒரு சேனல் இருக்கிறது, கப்பலின் முன்பக்கத்துக் கேமராவில் தெரிவதை இருபத்துநான்கு மணி நேரமும் காட்டும். அதுதான் எங்கள் ஜன்னல்.

சரி, காப்பிக்கு வருகிறேன். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது, கேபின் சாவி அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறிக்கொள்ளும். முதல் நாள் மாலை காப்பிக் கடையில் அம்மாவுக்கு ஒரு காப்பி வாங்கினேன். விலை 5 டாலர், அதற்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம், ஆக 5.90. அம்மா மனக்கணக்குப் போட்டு, “ஐந்நூறு ரூபாயா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. மறுநாள் பெட்டியைத் திறந்து, சிக்கரி கலந்த இன்ஸ்டன்ட் பொடிப் பொட்டலத்தையும் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் எடுத்தார். தீப்பிடிக்கும் பயத்தில் கேபினுக்குள் கெட்டில் அனுமதி கிடையாது. ஆனால் மேல்தள பஃபேயில் வெந்நீர் எப்போதும் கிடைக்கும், சூடான பால் கேட்டால் தருவார்கள். சொந்தப் பாத்திரத்தைக் குழாய்க்கு அடியில் நேராகப் பிடிக்கக் கூடாது, நோய் பரவும் என்று தடுக்கிறார்கள், அவர்கள் கோப்பையில் பிடித்து நம் பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அம்மா தினமும் ஐந்தரைக்கு அதைச் செய்தார். கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்து, டம்ளரின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, பொடியும் பாலும் சேர்ந்து நுரை வரும்வரை கோப்பைக்கும் டம்ளருக்குமாக நாலு முறை ஆற்றி, அப்புறம்தான் வெளியே கடலைப் பார்ப்பார்.

மூன்றாம் நாள் அந்த மேஜைக்கு வந்து நின்ற பரிசாரகர், “அம்மா, நீங்க எந்த ஊர்?” என்று தமிழில் கேட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எட்டு மாத ஒப்பந்தம், அது முடியும்வரை வாரத்தில் ஏழு நாளும் வேலை. மகள் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது கப்பலேறியவர், இப்போது அது நடக்கிறதாம். “தம்பி, எப்ப தூங்குவீங்க?” என்று அம்மா கேட்டதற்கு, ராத்திரி பதினொன்றரைக்கு ட்யூட்டி முடியும், காலையில் ஐந்துக்கு எழுந்துவிடுவேன், நடுவில் மதியம் கொஞ்சம் கிடைக்கும் என்றார். சைவம் சாப்பிடுகிறவர்கள் முதல் நாள் இரவே பெரிய சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைப் பரிசாரகரிடம் சொல்லிவிட வேண்டும், மறுநாளைக்குத் தனியாகச் செய்து தருவார்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து தினமும் பருப்பும் ஒரு காய்க்கறியும் சோறும் வந்தன, கூடுதல் காசு இல்லை. ஆளுக்கு 50 டாலர் வாங்கும் தனி உணவகங்கள் கப்பலில் நாலைந்து உண்டு. நாங்கள் ஒன்றுக்கும் போகவில்லை, போகாததில் எனக்குக் குறையும் தெரியவில்லை.

கப்பல் செலவில் அதிகம் சண்டை நடப்பது டிப்ஸுக்காக. எங்களிடம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 17 டாலர் தானாகவே கணக்கில் ஏறியது, மூன்று பேருக்கு ஏழு நாளைக்கு 357 டாலர். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் எடுத்துவிடுவார்கள், அதற்காகக் கடைசி நாள் வரவேற்பில் ஒரு வரிசையே நின்றது. பெரிய தொகைதான், எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் கேபினைத் தினமும் சுத்தம் செய்பவர், மேஜையில் பரிமாறுபவர், சமையற்கட்டில் பாத்திரம் கழுவுபவர் என்று நம் கண்ணில் படாதவர்களும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்கிற காசு அது. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் காப்பியில் பிடிக்கலாம், போட்டோவில் பிடிக்கலாம், தனி உணவகத்தில் பிடிக்கலாம். இதில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். டிக்கெட் வாங்கும்போதே இந்தத் தொகையையும் கூட்டிப் பார்த்து, கட்டுப்படியானால் மட்டும் கிளம்புங்கள்.

இணையம் ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 20 டாலர். கணவருக்கு அலுவலகத் தொல்லை இருந்ததால் ஒரு போனுக்கு மட்டும் எடுத்தோம், 140 ஆனது. மற்ற இரண்டு போனையும் ஏறியதுமே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டோம். மறந்தால் நடுக்கடலில் கப்பலின் செல்போன் கோபுரத்தில் தானாக இணைந்துகொண்டு பெரிய பில் வரும். ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் ஊர்களில் இறங்கினால் வழக்கமான அமெரிக்க சிக்னலே கிடைக்கிறது, வாட்ஸ்அப் எல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, கணக்கைத் தினமும் டிவியில் பாருங்கள். நான்காம் நாள் எங்கள் கணக்கில் நாங்கள் வாங்காத ஒரு காக்டெயில் 16.52 டாலருக்கு ஏறியிருந்தது. வேறு யாருடைய கேபின் எண்ணையோ தப்பாக அடித்திருக்கிறார்கள். ரசீதில் கையெழுத்து எங்களுடையது இல்லை என்று காட்ட நாற்பது நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள்.

ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றுக்குக் கப்பல்துறையிலிருந்து தனியார் பேருந்துகள் போகின்றன, போய்வர ஆளுக்கு ஐம்பது டாலர் அளவில் ஆகும். நகரப் பேருந்தில் 2 டாலர்தான், ஆனால் இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டும். மெதுவாக நடந்தோம். சாலை ஓரமெல்லாம் ஊதாப் பூக்கள், காற்றில் ஈர மண் வாசனை, அம்மாவுக்கு அந்த நடைதான் பிடித்திருந்தது.

பெரிய செலவு என்றால் ஸ்காக்வே ஊரிலிருந்து மலைமேல் ஏறும் ரயில், ஆளுக்கு 150 டாலர், கப்பல் வழியாகவே பதிவு செய்தோம். அப்படிச் செய்தால் ரயில் தாமதமானாலும் நமக்காகக் கப்பல் நிற்கும். மூன்றடி அகலத் தண்டவாளம், 1898இல் தொடங்கி 1900இல் முடித்தது, கடல் மட்டத்திலிருந்து 20 மைலில் கிட்டத்தட்ட 2,900 அடி ஏறுகிறது. அதற்கு முன்னால் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் தங்கத்தைத் தேடி வந்தவர்கள் அதே மலையை நடந்தே ஏறினார்கள். ஒரு வருஷத்துக்கான சாப்பாடும் சாமானுமாக ஏறக்குறைய ஒரு டன் இல்லாமல் கனடாக் காவலர்கள் எல்லையைத் தாண்ட விட மாட்டார்கள், அதனால் ஒரே பாதையில் பல முறை ஏறி இறங்கிச் சுமந்திருக்கிறார்கள். அந்தப் பழைய ஒற்றையடித் தடம் பெட்டியின் ஜன்னலிலிருந்து தெரிகிறது. 150 டாலர் கொடுத்தது எனக்கு வருத்தமே இல்லை.

ஐந்தாம் நாள் கிளேசியர் பே. பயணத்தின் சிறந்த நாள் அதுதான், அன்று ஒரு காசுகூடச் செலவில்லை. தேசியப் பூங்கா என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு சொகுசுக் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. காலையில் ஒரு சின்னப் படகு எங்கள் கப்பலை ஒட்டி வந்தது, பூங்கா அதிகாரிகள் கயிற்றேணியில் ஏறி உள்ளே வந்தார்கள். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள். 1794இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் பயணக் குழு வந்தபோது இங்கே பெரும்பனிச்சுவரில் ஐந்து மைல் குழிவு மட்டும்தான் இருந்ததாம், 1879இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 30 மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்றைக்கு 65 மைல் உள்ளே போக முடிகிறது. இந்த நிலம் ஹூனா க்லிங்கிட் மக்களின் பூர்வீக ஊர், முன்னேறி வந்த பனி அவர்களை வெளியே தள்ளியது என்பதையும் சொன்னார்கள். அதைக் கேட்டபின் வெறும் காட்சியாக அதைப் பார்க்க முடியவில்லை.

மார்ஜெரி பனியாற்றின் முன்னால் கப்பல் இஞ்சினை அடக்கி நின்றது. தண்ணீருக்கு மேலே 250 அடிச் சுவர், இடுக்குகளில் நீலம். அழுந்தி இறுகிய பனி சிவப்பொளியை விழுங்கிவிடுவதால் வருகிற நீலம் அது. ஆயிரக்கணக்கான பேர் டெக்கில் நின்றும் பேச்சே இல்லை. ஒரு வீட்டளவு துண்டு சத்தமில்லாமல் சரிந்து, தண்ணீரைத் தொட்ட பிறகுதான் இடிச்சத்தம் எங்களை வந்து சேர்ந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, அந்தப் பக்கம் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று கப்பல் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பியது.

கெட்சிகனில் மழை. அது வருஷத்துக்கு 3,800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற ஊர், குடை உதவாது, மழைக்கோட்டு வேண்டும். ஓடைக்கு மேலே மரக்கால்களில் நிற்கும் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பினோம். விக்டோரியாவில் இரவில் இறங்கி, விளக்கு வரிசையில் ஜொலிக்கும் சட்டமன்றக் கட்டடம்வரை நடந்துபோய் வந்தோம். அம்மாவின் விசா அன்றைக்குப் பயன்பட்டது.

கடைசி இரவு கணக்கு முழுமையாக வந்தது. ரயில் 450, டிப்ஸ் 357, இணையம் 140, சலவை 30, பனியாற்றின் முன்னால் மூவரும் நிற்கும் போட்டோ ஒன்று 25, அந்த முதல் நாள் காப்பி 5.90. மொத்தம் 1,007.90 டாலர். டிக்கெட்டின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

காலையில் ஏழு மணிக்கு சியாட்டில் வந்துவிட்டது. ஒன்பதுக்குள் இறங்கச் சொன்னார்கள், மதியமே அடுத்த ஏழு நாளுக்கு வேறு ஆட்கள் ஏறுவார்கள். பஃபேயில் அந்தத் தூத்துக்குடித் தம்பி வேறொரு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா பையிலிருந்து மிச்சமிருந்த காப்பிப் பொடிப் பொட்டலத்தை எடுத்து, வாயை ரப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டி அவரிடம் கொடுத்தார். அவர் அதை மூக்குக்கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “எங்க ரூம்ல நாலு பேரும்மா, ராத்திரி போட்டுக்குவோம்” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.