கட்டம் காலியா இருக்கக் கூடாது

பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில் ஒரு நோட்டரி வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம், வாரிசு அஃபிடவிட் என்று ஓடும் பிழைப்பு. தேர்தல் நேரத்தில் மட்டும் மாடிப்படியில் வெள்ளை வேட்டிகள் ஏறும். எல்லாம் படிவம் 26-க்காக. தன் மேல் உள்ள வழக்கு, சொத்து, கடன், படிப்பு என்று வேட்பாளர் சத்தியம் செய்து தரும் பிரமாணப் பத்திரம் அது.

தண்டையார்பேட்டை சுயேச்சை ஒருவருக்காக வந்த பையன் கேட்டான்: "சார், அண்ணி நகையை எத்தினி சவரன்னு போடறது?"

"வீட்ல எவ்ளோ இருக்கோ அவ்ளோ."

"அதில்ல சார், எவ்ளோ போட்டா பிரச்சினை வராது?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அடுத்து மறியல் கேஸ். பொதுப் பிரச்சினைக்குப் போனதுதானே, அதையும் எழுதணுமா என்றான். எழுதச் சொன்னேன். அவனுடைய உண்மையான பயம் வேறு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வேட்புமனு தள்ளுபடி ஆகிவிடலாம். 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அதனால் 'இல்லை', 'பொருந்தாது' என்று எதையாவது போட்டு நிரப்புகிறார்கள். எழுதியது நிஜமா என்று மனு பரிசீலனையில் யாரும் துருவுவதில்லை. எங்கள் சீலும் அதற்குச் சாட்சி இல்லை. இந்த ஆள் எங்கள் முன்னால் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

பொய் என்று பிறகு நிரூபணமானால்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ: 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதவி பறிபோக, பொதுவாக 2 ஆண்டு தண்டனையாவது வேண்டும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. கிரிமினல் வழக்குகளை மறைத்ததற்காகத் தேர்தலே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் உறுதி செய்த வழக்கு நம் ஊருடையதுதான். அதில் மாட்டியவர் கோவை மாவட்டத்து ஊராட்சித் தலைவர். தேர்தல் நடந்ததோ 2006-ல்!

மேடைப் பேச்சுக்கு இந்தச் சத்தியமும் கிடையாது. எதிர் வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றித் தெரிந்தே பொய் சொன்னால், அதே சட்டத்தின் 123(4)-ன் கீழ் தேர்தல் வழக்குப் போடலாம். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். சட்டமன்றத்துக்குள் பேசியதற்கு அரசியல் சட்டம் 194 காவல் நிற்கிறது.

காசிமேட்டு அம்மா ஒருவர் வாரிசு வழக்கு அஃபிடவிட்டுக்கு வந்தபோது கேட்டார்: "பட்டா தர்றேன்னு நோட்டீஸ்லயே அடிச்சாங்களே, கேஸ் போடலாமா?" முடியாதும்மா என்றேன். தேர்தல் அறிக்கை வாக்குறுதி 'ஊழல் நடவடிக்கை', அதாவது தேர்தல் சட்டம் சொல்லும் முறைகேடு, ஆகாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு. அதுவும் நம் இலவச கலர் டி.வி. விவகாரத்தில் வந்தது.

"அப்போ நான் இதுல பொய் சொன்னா?"

"கோர்ட்டுக்குப் போற பேப்பர். 7 வருஷம் வரைக்கும் இருக்கு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எழுதியதை மறுபடி படிக்கச் சொன்னார்.

125ஏ தண்டனையைக் குறைந்தது 2 ஆண்டாக்கி, பதவியிழப்பையும் சேர்க்கச் சொல்லி 2014-லேயே சட்ட ஆணையம் எழுதிக் கொடுத்துவிட்டது. திருத்த வேண்டியவர்கள் இதே படிவம் 26-ல் கையெழுத்துப் போட்டு உள்ளே போனவர்கள்.