‘ஓகே’ சொல்லும் வேலை

திருப்பூரில் எட்டு மெஷினோடு பனியன் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து பத்து வருடம், துணிக்கு ஓகே சொல்வது என் வேலையாகவே இருந்தது. சாயப்பட்டறையிலிருந்து லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணி, வந்து இறங்கியதும் ஒரு ரோலைப் பிரித்து விரல்களுக்கு நடுவில் வைத்துத் தடவுவேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 180 ஜிஎஸ்எம் கேட்ட இடத்தில் 165 வந்திருந்தால் கையே சொல்லிவிடும். அப்புறம் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் ஷேடு, அதாவது நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நான் தலையாட்டிய பிறகுதான் கட்டிங் டேபிளில் துணி விரிப்பார்கள். எனக்கு அதில் பெரிய பெருமை. நான் இல்லாமல் ஒரு பீஸ் வெளியே போகாது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவைக் கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் நேவி ப்ளூ லாட் ஒன்று வந்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர் 22 வருடமாகத் துணி வெட்டுகிறவர், என்னைவிட இரண்டு மடங்கு துணி பார்த்தவர். அவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஐசியூ வாசலில் உட்கார்ந்துகொண்டு போன் திரையில் நேவி ப்ளூவுக்கு என்ன சொல்ல முடியும்? “நான் வந்து பார்க்கிறேன், விரிக்க வேண்டாம்” என்றேன். ஐந்து நாள் டேபிள் சும்மா கிடந்தது. தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கில் பாதியை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பண நஷ்டத்தைவிட அந்தச் சனிக்கிழமைதான் என்னை உலுக்கியது. எங்களிடம் வாரச் சம்பளம், தையலுக்குப் பீஸ் ரேட். டேபிள் ஓடாவிட்டால் லைனுக்குத் துணி வராது, துணி வராவிட்டால் கூலி கிடையாது. ஓவர்லாக் தையல் அடிக்கும் ஒரு அக்கா சம்பளக் கவரை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல், “அப்பாவுக்கு இப்ப எப்படிங்க இருக்குது?” என்று கேட்டார். அதில் வழக்கமான கூலியில் பாதிகூட இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் மேஜை டிராயரில் தூசி பிடித்துக் கிடந்த ஜிஎஸ்எம் கட்டரை எடுத்து மாஸ்டரிடம் கொடுத்தேன். துணிமேல் வைத்து அழுத்தித் திருப்பினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடுக்கும். அதைத் தராசில் வைத்து 1.80 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். என் விரல் பத்து வருடம் செய்த வேலையை ஒரு வட்டத் துண்டு அரை நிமிடத்தில் செய்துவிடுகிறது. ஷேடு பார்க்க, உள்ளே பலவித விளக்குகள் உள்ள லைட் பாக்ஸ் வாங்கினோம். பகல் வெளிச்சத்துக்கு டி65 என்ற விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84. வெயிலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி கடை விளக்கில் வேறுவேறாகத் தெரியலாம். நான் வாசலில் நின்று பார்த்ததெல்லாம் பாதிப் பார்வைதான் என்பது அப்போது புரிந்தது.

கஷ்டம், எது ஓகே என்பதை எழுதி வைப்பதில் இருந்தது. மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். ஜிஎஸ்எம் ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், ஒரு பீஸின் உடம்புத் துணியும் கைத் துணியும் ஒரே லாட்டில்தான் வெட்ட வேண்டும் என்பவை சுலபமாக வந்துவிட்டன. ஷேடுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கப்பல் தேதி நெருக்கினால் நான் ஒரு மாதிரி ஓகே சொல்லியிருக்கிறேன், அவகாசம் இருந்தால் வேறு மாதிரி. இத்தனை வருடம் மாஸ்டர் எதையும் தானாக முடிவு செய்யாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதற்கு அதுதான் காரணம். கடைசியில், ஆர்டர் கொடுக்கும் பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப் துண்டை, அதாவது மாதிரிக்குச் சாயம் போட்ட சின்னத் துணியை, தேதியோடு ஒட்டி, அதற்குப் பொருந்தாத லாட் எந்த அவசரத்திலும் திரும்பப் போகும் என்று எழுதினேன்.

இரண்டே மாதத்தில் அதை நானே உடைத்தேன். மாஸ்டர் ஒரு மெரூன் லாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். பட்டறைக்காரர் எனக்குப் போன் செய்தார், பழைய பழக்கம். “சரி, அனுப்புங்க, பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை, துணியை விரித்தார். மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் “அண்ணா, நீங்க ஒருக்கா பாத்துட்டா தேவலைங்” என்று வந்து நின்றார். ரிப் துணிக்கு, நூல் நிறத்துக்கு, துணியில் எந்தத் துண்டு எங்கே வெட்டுவது என்று காட்டும் மார்க்கரின் நீளத்துக்குக்கூட. ஒரு நிமிடப் போனில் பிடுங்கியதைத் திரும்பக் கொடுக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. பட்டறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் முன்னாலேயே, “இனி துணி விஷயத்தில் இவர் சொல்வதுதான் முடிவு, எனக்குப் போன் வேண்டாம்” என்று சொன்னேன். புரொடக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறினேன். முதல் வாரம் போனைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.

பெரிய கம்பெனிகளிலும் இப்படிப் பொறுப்பை விட்டுக்கொடுப்பது ஒரே தடவையில் முடிகிற காரியமாகத் தெரியவில்லை. 1981-ல் இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, 2002-ல் சிஇஓ பொறுப்பை நந்தன் நிலேகனியிடம் கொடுத்தார். 2011-ல் தலைவர் பதவியிலிருந்தும் ஓய்வு பெற்றார். 2013-ல் திரும்ப வந்து, அடுத்த வருடமே மறுபடி விலகினார். ஜோஹோவில் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் சிஇஓ பொறுப்பை விட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பக்கம் போனார். விலகுகிறவருக்குப் போய்ச் சேர ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதை அதில் பார்த்தேன். எனக்கு அப்படி எதுவும் இல்லாததால்தான் மெரூன் லாட்டில் மூக்கை நுழைத்தேன் என்று இப்போது நினைக்கிறேன். இப்போது காலையில் நிட்டிங் யூனிட்களுக்குப் போய் உட்காருகிறேன். புது நூல், புது ரகம் எல்லாம் பார்த்து சாம்பிள் ஓட்டுவது என் பொழுது. கம்பெனிக்குச் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் வருகிறேன்.

காஸ்டிங் மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது. நூல் விலை, நிட்டிங், சாயம், தையல் கூலி, டாலர் விலை எல்லாம் போட்டு, ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று பையரிடம் சொல்வது. இந்த வாரம், பையர்களோடு ஆர்டர் விஷயம் பேசும் எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் முதல் தடவையாகத் தனியாக ஒரு ஷீட் போட்டார். நான் போட்டதைவிட பீஸுக்கு 3 ரூபாய் அதிகம். ஏன் என்று கேட்டேன். கட்டிங் வேஸ்ட்டை நான் எப்போதும் குறைத்தே கணக்கு போடுகிறேன் என்று மாஸ்டரின் ரெஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். அவருடைய ஷீட்தான் பையருக்குப் போயிருக்கிறது. பதில் அவருக்கு வரும்.