புரட்டாசிக்கு ஐந்து நாள்

"ஊசி போடலைன்னா ரேஷன் கட்டாயிடும்க்கா." யோசித்தெல்லாம் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அப்படி ஓர் உத்தரவும் எங்களுக்கு வந்திருக்கவில்லை.

2021 செப்டம்பர் 12, கொரோனா தடுப்பூசிக்கான முதல் மெகா முகாம். காசிமேட்டில் என் தெரு லிஸ்டில் அந்த அக்கா பெயருக்கு நேரே மூன்று தடவை 'மறுப்பு' என்று நானே எழுதியிருந்தேன். ஐம்பது தாண்டியவர், சுகர் உண்டு. ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். கூடையை இறக்காமலே பேசினார்.

முதலில் நடிகர் விவேக். எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். ஏப்ரல் 15 ஊசி, 17 விடியற்காலை சாவு. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் குழு சொன்னது அக்டோபரில். அதற்குள் எத்தனை தெருவில் எத்தனை பேச்சு! அவர் போட்டது கோவாக்சின், நம்மிடம் இருப்பது கோவிஷீல்டு என்று சமாளித்தேன். "அப்ப அந்த ஊசி கெட்டதா?" என்றார். சரி, அது என் தப்பு.

அப்புறம்தான் சொன்னார். "இன்னிக்கு ஞாயித்துக்கெழம. ரெண்டு நாள் ஜொரம் வரும்ன்ற. புரட்டாசி பொறந்தா மீன் யாரு வாங்குவா? அப்ப வந்து போட்டுக்கறேன், போ."

புரட்டாசி பிறக்க ஐந்தே நாள். ஆபீஸ் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்றுதான் ஞாயிறு வைத்திருப்பார்கள். காசிமேட்டில் ஞாயிறுதான் வியாபாரம், அதுவும் ஆவணியின் கடைசி ஞாயிறு. எனக்கு இது தெரியாதா? இதே பக்கம் வளர்ந்தவள்தான். ஆனால் 'ஊசி போட்டா குடிக்கக் கூடாதாமே', 'பிள்ளை பிறக்காதாமே' என்று மாதக்கணக்கில் கேட்ட காதில் இதுவும் சாக்காகவே விழுந்தது. அப்புறம் வருகிறேன் என்றவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்? மே மாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையில் நின்றதைப் பார்த்தவள் நான். ஐந்து நாள் பெரிதாகத் தெரிந்தது.

ரேஷன் என்றதும் கூடை இறங்கியது. புஜத்தில் ஒட்டியிருந்த ஒரு செதிலைப் பஞ்சால் துடைத்துவிட்டுப் போட்டேன். அரை மணி நேரம் உட்காரச் சொன்னோம். ஐஸ் தண்ணீர் சிமென்ட் தரையில் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராசிட்டமால் நாலு மாத்திரை கொடுத்தேன். காய்ச்சல் வந்தது, மூன்று நாள் வியாபாரம் போனது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அவருக்கு நல்லதுதானே செய்தேன்? ராத்திரியில் இதைச் சொல்லிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் லிஸ்டில் 'மறுப்பு' என்றும் 'போட்டாச்சு' என்றும் இரண்டே கட்டம். 'வெள்ளிக்கிழமை' என்று எழுத இடமில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேனா, அதுவும் தெரியவில்லை.

இரண்டாவது ஊசிக்கு 84 நாள் கழித்து டிசம்பர் 5, மறுபடியும் ஞாயிறு. அவர் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. வெட்கம்தான், வேறென்ன. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தானாகவே வந்தார். கையை நீட்டிவிட்டுக் கேட்டார்.

"இன்னிக்கு இன்னா கட்டு பண்ணப் போற?"