தேவை நெகிழ்ச்சியும் தேவை மகிழ்ச்சியும்

மதுரையில் இளங்கலை முடித்து வட இங்கிலாந்துக்குப் படிக்க வந்த முதல் வாரத்தில், பார்வையற்ற எனக்குச் சாலையைக் கடக்கத் துணை நின்றது, சைகை விளக்குக் கம்பத்தின் பொத்தான் பெட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும் விரல்நுனியளவுக் கூம்பு ஒன்று. பாதசாரிகளுக்குப் பச்சை விழுந்ததும் அது விரலுக்கடியில் சுழலும். ஊரில் யாராவது கையைப் பிடித்துக் கடத்திவிடுவார்கள். சில நேரம் நான் போக நினைக்காத பக்கத்துக்கும்.

பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவில் சான்றிதழை நீட்டினேன். அதைப் பதிவு செய்துகொண்ட அலுவலர், குறைபாட்டின் விழுக்காட்டைப் பற்றிப் பேசாமல், பாடநூல் எந்த வடிவில் வேண்டும், தேர்வை எப்படி எழுதுவது எளிது என்றே கேட்டார். உள்நாட்டு மாணவர்களுக்கு அரசு வழங்கும் உதவித்தொகை மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது என்றாலும், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையைப் பல்கலைக்கழகத்தின் மீதே சுமத்துவதால், என் ஏற்பாடுகளை அவர்களே பொறுப்பேற்றார்கள்.

தேர்வில் கிடைக்கும் கூடுதல் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டால் எனக்கு நட்டம்தான். இந்தியாவில் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல். இங்கே எனக்குக் கிடைத்தது 25 விழுக்காடு, அதாவது மணிக்கு 15 நிமிடம். ஆனால் அங்கே, சொல்வதை எழுதுபவராக வந்த ப்ளஸ் டூ பையன், பொருளியல் தாளில் நான் சொன்ன 'தேவை நெகிழ்ச்சி'யை, அதாவது விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பதைக் குறிக்கும் சொல்லை, பக்கம் முழுக்கத் 'தேவை மகிழ்ச்சி' என்று எழுதி வைத்திருந்தான். நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே தனி அறை, கணினி, திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள். பிழை இருந்தால் அது என் விரல் செய்த பிழை.

எல்லாம் சீராக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. என் தேவைகளைப் பட்டியலிட்ட கடிதம் எல்லா ஆசிரியர்களுக்கும் போயிருந்தும், ஒரு பாடத்தின் வாசிப்புப் பக்கங்கள் மூன்று வாரமாக ஒளிப்படங்களாகவே வந்தன. திறந்தால் திரைவாசிப்பான் 'வெற்றுப் பக்கம்' என்று மட்டும் சொல்லும். ஆசிரியரிடம் போய் இது வேண்டும் என்று கேட்பதை அதிகப்பிரசங்கித்தனமாக எண்ணி வளர்ந்த எனக்கு, முதல் நினைவூட்டலை எழுதவே ஒரு வாரம் பிடித்தது. எழுத்துக் கோப்பு கடைசியில் வந்து சேர்ந்தபோது கட்டுரை ஒப்படைக்க நான்கு நாள்களே இருந்தன. கெடுவை நீட்டித் தரும்படி அன்றே அடுத்த மின்னஞ்சலை அனுப்பினேன்.