வருஷம் முழுக்கத் தும்மல்: மாத்திரைகளை மாற்றிப் பார்த்த கதை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீடுகளுக்குப் போய் மரச்சாமான், பீங்கான், எனாமல் பாத்திரம் எடுத்து வருவதுதான் தொழில். தும்மலும் மூக்கொழுகலும் எனக்குப் பருவம் பார்த்து வருவதில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் தோல் பரிசோதனை செய்தார். சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மாத்திரை உடம்பில் இருந்தால் தோல் தடிக்காதாம். அலர்ஜி தரக்கூடிய பொருட்களின் சாற்றை முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு, ஒவ்வொன்றின் மேலும் லேசாக ஊசிமுனையால் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் தூசிப்பூச்சிச் (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி) சொட்டு விழுந்த இடம் கொசு கடித்த மாதிரி தடித்துச் சிவந்தது. எனக்கு ஒத்துக்கொள்ளாதது அதுதான்.

அப்புறம் மாத்திரை. செட்டிரிசின் 10 மி.கி. தும்மலை நன்றாகவே அடக்கியது, ஆனால் மறுநாள் காலையிலும் கண்ணைச் சொக்கியது. லீவோசெட்டிரிசின் 5 மி.கி.யில் தூக்கம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று பைக்கில் அலைந்து, ஏணி போட்டுப் பரணில் ஏறுகிறவனுக்கு அது சரிப்படாது.

பிலாஸ்டின் 20 மி.கி. தூக்கம் தரவில்லை. ஆனால் வெறும் வயிற்றில் போட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, இல்லையென்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. எந்த வீட்டுக்குப் போனாலும் ஆச்சிமார் பணியாரத் தட்டை நீட்டும் ஊரில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. கடைசியில் ஃபெக்ஸோஃபெனடின் 120 மி.கி. ஒத்துவந்தது. மூளைக்குள் அநேகமாகப் போவதே இல்லை என்பதால் தலை தெளிவாக இருக்கிறது. தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், பழச்சாறு கூடாது. மருந்து உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும்.

ராத்திரி மூக்கடைப்பை மட்டும் எந்த மாத்திரையும் சரியாகத் தீர்க்கவில்லை. அதற்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால் அடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் போகும். அடித்தவுடன் திறக்காது, தினமும் விடாமல் அடித்தால் மெல்லத்தான் திறக்கும். பலர் இங்கேதான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மாண்டெலூகாஸ்ட் என்ற இன்னொரு வகை அலர்ஜி மருந்து கலந்த மாத்திரையைக் கேட்டேன். மனநிலையைப் பாதிக்கலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துத் துறையே கடுமையாக எச்சரித்திருக்கிறது, உங்களுக்குத் தேவையில்லை என்றார் டாக்டர். எனக்கும் அது சரியென்றே பட்டது.

இப்போது ஸ்ப்ரே தினமும். பூட்டிய வீடு திறக்கும் நாளில், கிளம்பும் முன்பே மாத்திரையும் போட்டு, மாஸ்க்கையும் கட்டிக்கொள்கிறேன்.